ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்கு எத்தனை மக்கள்? தொகுதி மறுவரையறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வு எழுதுவோருக்கு அரசமைப்புச் சட்டம் கற்பித்துவருவதால், தொகுதி மறுவரையறை (மக்கள்தொகையைப் பார்த்து இடங்களைப் பங்கிட்டு, தொகுதி எல்லைகளை மாற்றி வரைவது) பற்றிய ஐயங்கள் மாணவர்களிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் அக்கம்பக்கத்தாரிடமிருந்தும் ஓயாமல் என்னிடம் வருகின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்களின் பேச்சையொட்டியே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் 2025 இறுதி வரையிலான சட்ட நிலையைக் கொண்டு எழுதப்பட்டவை. மாநில வாரியான சராசரிகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களைத் தொகுதி எண்ணிக்கையால் வகுத்து நானே கணக்கிட்டவை.

1. ஒரு எம்.பி. தொகுதியில் இத்தனை லட்சம் பேர்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா?

இன்றைய அரசமைப்புச் சட்டத்தில் அப்படி ஓர் எண் இல்லை. ஒரு விகித விதி மட்டுமே உள்ளது. 81-ஆவது பிரிவு இரண்டு படிகளைச் சொல்கிறது. முதல் படியில், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கப்படும் இடங்களுக்கும் அந்த மாநிலத்தின் மக்கள்தொகைக்கும் உள்ள விகிதம், நடைமுறையில் இயன்றவரை எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாம் படியில், ஒரு மாநிலத்துக்குள் வரையப்படும் தொகுதிகள், இயன்றவரை சம அளவு மக்கள்தொகை கொண்டவையாக இருக்க வேண்டும்.

மாநிலங்களுக்கிடையே பங்கிடுவது வேறு, மாநிலத்துக்குள் எல்லை வரைவது வேறு. இந்த விவாதத்தில் ஏற்படும் குழப்பத்தில் பெரும்பகுதி, இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால் வருவது. கீழே வரும் எல்லா விடைகளுக்கும் இந்தப் பிரிப்பே அடிப்படை.

2. ஆனால் முதலில் ஏழரை லட்சம் என்று ஒரு வரம்பு இருந்ததாகப் படித்தேனே?

இருந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த மூல 81-ஆவது பிரிவின்படி, 7,50,000 பேருக்கு ஓர் உறுப்பினருக்குக் குறையாமலும், 5,00,000 பேருக்கு ஓர் உறுப்பினருக்கு மிகாமலும் மக்களவை அமைய வேண்டும். அதாவது ஓர் உறுப்பினர் குறைந்தது ஐந்து லட்சம் பேரையும் அதிகபட்சமாக ஏழரை லட்சம் பேரையும் பிரதிநிதித்துவப்படுத்த வேண்டும். மக்களவையின் மொத்த உறுப்பினர்கள் 500 பேருக்கு மிகக்கூடாது என்ற உச்சவரம்பும் அதே பிரிவில் இருந்தது.

இவ்விரண்டு வரம்புகளையும் பெருக்கிப் பார்த்தால் 37.5 கோடி வருகிறது. நாட்டின் மக்கள்தொகை அதைத் தாண்டும்போது இரண்டில் ஒன்று முறிந்தே ஆக வேண்டும். 1951 கணக்கெடுப்பிலேயே மக்கள்தொகை 36 கோடியைத் தாண்டியிருந்தது. சராசரியே ஏழரை லட்சத்தை நெருங்கிவிட்ட நிலையில், சில தொகுதிகளாவது வரம்பை மீறாமல் எல்லை வரைவது இயலாததாயிற்று. எனவே இரண்டாவது அரசமைப்புத் திருத்தம் ஏழரை லட்சம் என்ற மேல்வரம்பை நீக்கியது. அது 1953 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 1956-இல் ஏழாவது திருத்தம் 81-ஆவது பிரிவையே மாற்றி எழுதியபோது ஐந்து லட்சம் என்ற கீழ்வரம்பும் போய்விட்டது. அவையின் அளவைக் கட்டுப்படுத்துவதா, ஓர் உறுப்பினர் சுமக்கும் மக்கள்தொகையைக் கட்டுப்படுத்துவதா என்ற தேர்வில், குடியரசு தொடங்கி மூன்றே ஆண்டுகளில் நாம் முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். இன்றைய சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

3. மக்கள்தொகை என்றால் வாக்காளர் எண்ணிக்கைதானே?

இல்லை. கடைசியாக நடந்து, எண்கள் வெளியிடப்பட்ட கணக்கெடுப்பில் கண்டறியப்பட்ட மொத்த மக்கள்தொகையையே சட்டம் குறிக்கிறது. அதில் கைக்குழந்தையும் அடங்கும். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவரும் அடங்குவர். வாக்களிக்காதவர்களுக்கும் உறுப்பினர் பொறுப்பானவர் என்பதே இதன் உட்பொருள்.

திருப்பூரிலோ ஒரகடத்திலோ குடியேறி வேலை செய்யும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் பெயர் பெரும்பாலும் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலிலேயே இருக்கும். ஆனால் கணக்கெடுப்பு அவர்களை வசிக்கும் ஊரில்தான் எண்ணும். ஆகவே மக்கள்தொகை அடிப்படை என்பது தொழில் நகரங்களுக்கு ஓரளவு சாதகமானது.

4. 543 என்ற எண் எப்படி வந்தது?

1952-இல் மக்களவைக்கு 489 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அப்போது 314 தொகுதிகள் ஒருவரையும், 86 தொகுதிகள் இருவரையும், ஒரு தொகுதி மூவரையும் அனுப்பின. பல உறுப்பினர் தொகுதி முறை 1961-இல் சட்டம் இயற்றி முற்றிலும் ஒழிக்கப்பட்டது. 1971 கணக்கெடுப்புக்குப் பின் வரையப்பட்ட எல்லைகளின்படி 1977-இல் 542 இடங்கள் இருந்தன. பிறகு கோவா தனி மாநிலமாகி, டாமன்-டையூவுக்கு ஓர் இடம் தனியே கிடைத்தபோது 543 ஆயிற்று. மாநிலங்களுக்கு 530, ஒன்றியப் பகுதிகளுக்கு (யூனியன் பிரதேசங்களுக்கு) 20 என்பது இன்றைய உச்சவரம்பு.

5. 1971 கணக்கை இன்னும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் இடங்களை மறுபங்கீடு செய்ய வேண்டும் என்பது 82-ஆவது பிரிவு. 1976-இல் வெளியான தேசிய மக்கள்தொகைக் கொள்கை, குடும்பக் கட்டுப்பாட்டில் முனைப்புக் காட்டும் மாநிலங்கள் அதனால் நாடாளுமன்ற இடங்களை இழக்கக்கூடாது என்று கருதியது. அதே ஆண்டு நெருக்கடி நிலைக் காலத்தில் நிறைவேறிய 42-ஆவது திருத்தம், 2000-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை 1971 எண்களையே அடிப்படையாக நிறுத்திவைத்தது. 2001-இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த 84-ஆவது திருத்தம், இந்த நிறுத்திவைப்பை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது.

நிறுத்திவைக்கப்பட்ட நேரத்தில் பங்கீடு ஏறக்குறையச் சமமாகவே இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இன்றைய மாநில எல்லைகளின்படி 1971 எண்களை எடுத்தால், ஓர் இடத்துக்குத் தமிழ்நாட்டில் 10.6 லட்சம், உத்தரப் பிரதேசத்தில் 10.5 லட்சம், பீகாரில் 10.5 லட்சம், கேரளத்தில் 10.7 லட்சம், ராஜஸ்தானில் 10.3 லட்சம் பேர். 2011-க்கு வந்தால் தமிழ்நாடு 18.5 லட்சம், கேரளம் 16.7 லட்சம், உத்தரப் பிரதேசம் 25 லட்சம், பீகார் 26 லட்சம், ராஜஸ்தான் 27.4 லட்சம் என்று விலகிப்போயிருக்கின்றன. நாற்பது ஆண்டுகளில் பிறப்பு விகிதங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்ததே இந்த விலகலுக்குப் பெரும் காரணம்.

6. அப்படியானால் 2008-இல் தொகுதியெல்லாம் மாறியதே, அது எந்தக் கணக்கு?

அது கேள்வி 1-இல் சொன்ன இரண்டாம் படி மட்டும். மாநிலங்களின் பங்கு 1971 எண்களோடு நிற்க, மாநிலத்துக்குள் எல்லைகளை மாற்றி வரைய 84-ஆவது திருத்தம் இடம் கொடுத்தது. அதற்கு 2001 கணக்கெடுப்பைப் பயன்படுத்தலாம் என்று 2003-இல் 87-ஆவது திருத்தம் கூறியது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் வரைந்த எல்லைகள் 2008-இல் நடைமுறைக்கு வந்தன. அந்த மறுவரைவு எவ்வளவு அவசியமாக இருந்தது என்பதற்கு டெல்லியே போதும்: 2004 தேர்தலில் வெளி டெல்லித் தொகுதியில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள், அதே நகரத்தின் சாந்தினி சௌக்கில் நான்கு லட்சம்கூட இல்லை.

எல்லா மாநிலங்களும் அப்போது இதில் சேரவில்லை. அசாம், அருணாசலம், மணிப்பூர், நாகாலாந்து ஆகியவற்றில் பணி தள்ளிவைக்கப்பட்டது. அசாமில் 2023-இல் தேர்தல் ஆணையமே 2001 எண்களைக் கொண்டு செய்து முடித்தது. ஜம்மு காஷ்மீருக்கு 2022-இல் தனி ஆணையத்தின் உத்தரவு வந்தது.

7. ஒரு மாநிலத்துக்குள் ஒரு தொகுதி பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் இருக்கலாமா? எவ்வளவு வரை?

2002-ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டப்படி அமைந்த குல்தீப் சிங் ஆணையம், சராசரியிலிருந்து 10 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற வழிமுறையை வகுத்துக்கொண்டது. தமிழ்நாட்டின் 2001 மக்கள்தொகை 6.24 கோடி; 39 தொகுதிகளுக்குச் சராசரி 16 லட்சம். அப்படியென்றால் ஒரு தொகுதி ஏறத்தாழ 14.4 லட்சத்துக்கும் 17.6 லட்சத்துக்கும் இடையே இருக்க வேண்டும். இன்று நம்மிடம் ‘மக்கள்தொகை வரம்பு’ என்று சொல்லத்தக்கது இதுதான். ஆனால் இது அரசமைப்புச் சட்டத்தில் இல்லை, அடுத்த ஆணையம் வேறு அளவை வகுத்துக்கொள்ளவும் கூடும்.

எண் மட்டுமே அளவுகோல் அன்று. தொகுதி நிலப்பரப்பில் ஒட்டியிருக்க வேண்டும். மலை, ஆறு போன்ற இயற்கை அமைப்புகள், நிர்வாக எல்லைகள், போக்குவரத்து வசதி, பொதுமக்களின் வசதி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஜம்மு காஷ்மீரின் அனந்த்நாக்-ரஜௌரி தொகுதியை நினைத்துப் பாருங்கள். 90 சட்டமன்றத் தொகுதிகளை ஐந்து மக்களவைத் தொகுதிகளுக்குத் தலா 18 என்று பிரித்ததில், பீர் பஞ்சால் மலைத்தொடரின் இரு பக்கங்களும் ஒரே தொகுதிக்குள் வந்துவிட்டன. அவற்றை நேரடியாக இணைக்கும் முகல் சாலை குளிர்காலத்தில் பனியால் மூடப்படுவது. கணக்கு ஒத்துவந்தாலும், உறுப்பினர் தம் மக்களைச் சென்று பார்க்கும் வழி அங்கே கடினமாகிவிட்டது.

8. 2008-இல் சமப்படுத்தியாகிவிட்டதே, இன்றும் அந்தச் சமம் இருக்கிறதா?

இல்லை. மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் ஆகியவற்றோடு ஸ்ரீபெரும்புதூரையும் சேர்த்த மக்களவைத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையின் விரிவு முழுவதும் அந்தப் பக்கம்தான் பாய்ந்தது. 2024 தேர்தலில் அங்கே 23 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். வேதாரண்யம், கீழ்வேளூர், திருத்துறைப்பூண்டி, நன்னிலம் போன்ற வேளாண் பகுதிகளைக் கொண்ட நாகப்பட்டினத்தில் 13 லட்சத்துக்குச் சற்று மேல். மாநிலச் சராசரி சுமார் 16 லட்சம். ஸ்ரீபெரும்புதூர் அந்தச் சராசரியை ஏறக்குறைய 50 விழுக்காடு தாண்டி நிற்கிறது.

தமிழ்நாட்டின் மொத்த இடங்களைப் பாதுகாக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கும் இந்த உள் ஏற்றத்தாழ்வைச் சகித்துக்கொள்வதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முதல் படியை நிறுத்திவைத்தாலும் இரண்டாம் படியை ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் செய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தாம்பரத்துக்காரருக்கு இழைக்கப்படும் குறையை டெல்லியின் கணக்கில் எழுத முடியாது.

9. எங்கள் புதுக்கோட்டைத் தொகுதி எங்கே போனது?

2008 மறுவரைவில் இந்த வருத்தம் மிகுதியாகப் பதிந்த இடம் அது. தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகளும் 39 மக்களவைத் தொகுதிகளும் இருப்பதால், ஒவ்வொரு மக்களவைத் தொகுதிக்கும் சரியாக ஆறு சட்டமன்றத் தொகுதிகள். புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளவையும் ஆறுதான். ஆனால் அவை நான்கு பக்கமாகப் பிரிந்தன: புதுக்கோட்டையும் கந்தர்வக்கோட்டையும் திருச்சிராப்பள்ளிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி இராமநாதபுரத்துக்கு, விராலிமலை கரூருக்கு.

சுற்றியுள்ள மாவட்டங்களுக்குத் தேவையான எண்ணிக்கையை நிரப்ப இந்த மாவட்டம் பங்கிடப்பட்டது என்பதே விளைவு. எண்ணிக்கை அளவில் எந்தப் பிழையும் இல்லை. ஆயினும் ஒரு மாவட்ட ஆட்சியர் நான்கு எம்.பி.க்களோடு பேச வேண்டியிருப்பதும், அந்த நால்வரில் எவருக்கும் அந்த மாவட்டம் முதன்மைப் பகுதியாக இல்லாதிருப்பதும் உண்மையான இழப்புகள். கோபிசெட்டிபாளையம், பழனி, இராசிபுரம், திருச்செந்தூர், பெரியகுளம், சிவகாசி, வந்தவாசி, திண்டிவனம் ஆகிய பெயர்களும் அப்போதே மக்களவைப் பட்டியலிலிருந்து மறைந்தன. ஆனால் அவற்றில் பல, தேனி, தூத்துக்குடி, விருதுநகர் என்று பெயர் மாறி ஏறத்தாழ அதே வட்டாரத்தில் தொடர்கின்றன.

10. லட்சத்தீவில் அறுபதாயிரம் பேருக்கு ஒரு எம்.பி., நமக்குப் பதினெட்டு லட்சம் பேருக்கு ஒரு எம்.பி. இது எப்படிச் சமம்?

சமம் இல்லை. சட்டமே அளித்த விலக்கு இது. 60 லட்சத்துக்கு மிகாத மக்கள்தொகை கொண்ட மாநிலங்களுக்கு, மாநிலங்களுக்கிடையேயான விகித விதி பொருந்தாது என்று 1973-இல் 31-ஆவது திருத்தம் கூறியது. ஒன்றியப் பகுதிகளுக்கான இடங்களை நாடாளுமன்றம் தனியே நிர்ணயிக்கிறது. அதனால்தான் 2011-இல் 64,473 பேர் இருந்த லட்சத்தீவுக்கும், 12.5 லட்சம் பேர் இருந்த புதுச்சேரிக்கும் தலா ஓர் இடம். தனித்த நிலப்பரப்பும் வாழ்க்கையும் கொண்ட மக்களின் குரல் ஒரு பெரிய தொகுதிக்குள் கரைந்துபோகாமலிருக்க இந்த விலக்கு தேவை என்றே நான் எண்ணுகிறேன்.

மறுமுனையில் தெலங்கானாவின் மல்காஜ்கிரி இருக்கிறது. 2019-இலேயே 31 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். தொகுதி மேம்பாட்டு நிதியோ எல்லா உறுப்பினர்களுக்கும் ஆண்டுக்கு ஒரே ஐந்து கோடி ரூபாய்.

11. 2026 வந்தாலே தமிழ்நாட்டுக்கு ஏழெட்டு இடம் குறைந்துவிடும் என்கிறார்களே?

2026 மறுவரையறைக்கான நாள் அன்று. அந்த ஆண்டுக்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாக வேண்டும். பிறகு நாடாளுமன்றம் ஒரு மறுவரையறைச் சட்டம் இயற்ற வேண்டும். பிறகு ஆணையம் அமைந்து வேலை செய்ய வேண்டும். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடத்தப்படும் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. இந்தத் தேதியால் அது ‘2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு’ ஆகிறது.

ஏழெட்டு என்ற எண் ஆதாரமற்றதும் அன்று. மக்களவை 543 இடங்களாகவே இருந்து, முழுக்க மக்கள்தொகை விகிதப்படி பங்கிட்டால், 2011 எண்களின்படி தமிழ்நாட்டுக்கு 32, கேரளத்துக்கு 15, உத்தரப் பிரதேசத்துக்கு 90, பீகாருக்கு 47, ராஜஸ்தானுக்கு 31 என்ற அளவில் வரும். புதிய கணக்கெடுப்பில் இடைவெளி மேலும் விரியக்கூடும்.

12. யாருக்கும் ஓர் இடம்கூடக் குறையாது, எல்லோருக்கும் கூடும் என்றால் நமக்கு என்ன நஷ்டம்?

இடத்தை மட்டும் எண்ணாமல் பங்கையும் எண்ண வேண்டும். 2011 எண்களின்படி கேரளத்தின் 20 இடங்கள் குறையாமலிருக்க, மக்களவை சுமார் 725 இடங்களாக வளர வேண்டும். அப்போது தமிழ்நாட்டுக்கு 43, உத்தரப் பிரதேசத்துக்கு 120. நமக்கு நான்கு இடம் கூடியிருக்கும். ஆனால் அவையில் நம் பங்கு 7.2 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக இறங்கியிருக்கும். புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவையில் 888 இருக்கைகள் உள்ளன என்பதால், அவை பெரிதாவதற்கு இடத் தடை இல்லை.

இதிலிருந்து வேறுபட்டது ‘எல்லா மாநிலத்துக்கும் ஒரே விழுக்காட்டில் உயர்வு’ என்ற யோசனை. எல்லோருக்கும் பாதி கூட்டினால் தமிழ்நாட்டுக்கு 58 அல்லது 59 வரும், பங்கும் மாறாது. 2025 பிப்ரவரியில் கோவையில் பேசிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, விகிதாசார முறையில் தென் மாநிலங்கள் ஓர் இடத்தையும் இழக்கமாட்டா என்றார். அந்த விகிதம் இன்றைய இடங்களின் விகிதமா, மக்கள்தொகையின் விகிதமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அடுத்த மாதம் சென்னையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கூட்டிய பல மாநிலத் தலைவர்களின் கூட்டம், நிறுத்திவைப்பை மேலும் 25 ஆண்டுகள் நீட்டிக்கக் கோரியது.

13. வட இந்தியரின் ஓட்டுக்கு மட்டும் மதிப்புக் குறைவாக இருக்கலாமா? அதுவும் அநியாயம்தானே?

ஆம், அதுவும் குறைதான், மறைக்கக் கூடாது. 2011-இல் மத்தியப் பிரதேசத்தின் மக்கள்தொகை 7.26 கோடி, தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. அவர்களுக்கு 29 இடங்கள், நமக்கு 39. இந்தூரில் இருக்கும் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டி ஏன் என்று கேட்டால், அவருடைய கேள்வி நியாயமானதே.

ஆனால் ஒன்றியம் என்பது தனிமனிதர்களின் கூட்டம் மட்டுமன்று, மாநிலங்களின் கூட்டமும்கூட. குடும்பக் கட்டுப்பாடு தேசியக் கொள்கையாக அறிவிக்கப்பட்டு, அதைச் செய்தால் இடம் இழக்கமாட்டீர்கள் என்று 1976-இலும் மறுபடி 2001-இலும் சட்டமாகவே எழுதிக் கொடுக்கப்பட்டது. பெண் கல்வியாலும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் உழைப்பாலும் தமிழ்நாடும் கேரளமும் 1.8 என்ற கருவள விகிதத்துக்கு (ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை) வந்தன. பீகார் அப்போது 3.0. இவை 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின் எண்கள். அந்த வாக்குறுதியை நம்பிச் செய்தவர்களின் பங்கைப் பின்னர் குறைப்பது நம்பிக்கை மீறல்.

இரண்டு நியாயங்களும் உண்மையானவை என்பதால், ஒன்றை மற்றொன்று எண்ணிக்கை பலத்தால் வெல்ல விடக்கூடாது. பெரிய உறுப்பு நாடுகளுக்கு இடங்கள் கூடும், ஆனால் மக்கள்தொகை கூடும் அதே வேகத்தில் கூடா என்ற முறை ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் நடைமுறையில் உள்ளது: ஜெர்மனிக்கு 96, மால்டாவுக்கு 6. இப்படி ஏதேனும் ஒரு சூத்திரத்தை மாநிலங்களோடு பேசி, புதிய கணக்கெடுப்பின் எண்கள் வெளியாவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். எண்கள் வெளியான பிறகு, எந்தச் சூத்திரத்தில் தனக்கு எத்தனை இடம் என்று பார்த்தே ஒவ்வொரு தரப்பும் பேசும்.

14. பேசாமல் பத்து லட்சம் பேருக்கு ஓர் எம்.பி. என்று நிரந்தரமாக வைத்துவிட்டால்?

2011 எண்களின்படியே 1,200-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் வருவார்கள், தமிழ்நாட்டுக்கு 72. கேள்வி 2-இல் பார்த்ததுபோல, மக்கள்தொகை வளரும் நாட்டில் நிலையான எண் நெடுநாள் தாங்காது. ஒரு தொகுதி சராசரியிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற விழுக்காட்டு வரம்பைச் சட்டத்திலேயே எழுதுவது அதைவிட உறுதியான வழி.

15. தமிழ்நாடு இதற்கு முன் இடம் இழந்திருக்கிறதா?

இழந்திருக்கிறது. 1962 தேர்தல் வரை 41 இடங்கள் இருந்தன. 1961 கணக்கெடுப்புக்குப் பிந்தைய மறுவரையறையில் 39 ஆகி, 1967 தேர்தலிலிருந்து அதுவே தொடர்கிறது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்த இரண்டு இட இழப்புக்கு என்ன ஈடு என்று கேள்வி எழுப்பியது. நிறுத்திவைப்பு இல்லாத காலத்தில் விதி எப்படி வேலை செய்தது என்பதற்கு நம் மாநிலமே சான்று.

16. தனித் தொகுதிகளை எப்படி முடிவுசெய்கிறார்கள்?

மாநில மக்கள்தொகையில் பட்டியல் சாதியினரின் விகிதப்படி எண்ணிக்கை அமைகிறது. தமிழ்நாட்டில் ஏழு: திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், நீலகிரி, சிதம்பரம், நாகப்பட்டினம், தென்காசி. பட்டியல் சாதியினர் ஒப்பீட்டளவில் மிகுதியாக உள்ள தொகுதிகளை மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளில் பரவலாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழங்குடியினருக்கோ அவர்களின் விகிதம் மிக அதிகமாக உள்ள தொகுதிகளே ஒதுக்கப்படும். பரவலாக்கும் விதி அங்கே இல்லை.

17. பெண்களுக்கான 33 விழுக்காடு இதற்காகக் காத்திருக்கிறதா?

ஆம். 2023-இல் நிறைவேறிய 106-ஆவது திருத்தம், அது நடைமுறைக்கு வந்த பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் அடிப்படையில் மறுவரையறை முடிந்த பின்னரே ஒதுக்கீடு அமலாகும் என்று சொல்கிறது. ஒரு நியாயத்தை இன்னொரு தகராறோடு கட்டிவைத்ததில் எனக்கு உடன்பாடில்லை.

18. மாநிலங்களவை, குடியரசுத் தலைவர் தேர்தல், மத்திய நிதி எல்லாம் சேர்ந்தே குறையுமா?

மாநிலங்களவை இடங்கள் அரசமைப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் தனியே உள்ளன. மக்களவை மறுவரையறையால் தாமாக மாறுவதில்லை. நிதிப் பகிர்வு நிதி ஆணையத்தின் வேலை. 15-ஆவது ஆணையம் 2011 மக்கள்தொகைக்கு 15 விழுக்காடும், மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5 விழுக்காடும் எடை கொடுத்தது. குடியரசுத் தலைவர் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு மட்டும் இதே நிறுத்திவைப்போடு பிணைந்தது: 1971 எண்களின்படி தமிழ்நாட்டு உறுப்பினருக்கு 176, உத்தரப் பிரதேச உறுப்பினருக்கு 208. நிறுத்திவைப்பு முடிந்தால் இவையும் மாறும்.

19. ஆளுங்கட்சி தனக்குச் சாதகமாக எல்லை வரைந்துகொண்டால் வழக்குப் போட முடியுமா?

2002 சட்டத்தின்படி ஆணையத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருப்பவரோ இருந்தவரோ தலைவர். தலைமைத் தேர்தல் ஆணையர் அல்லது அவர் நியமிக்கும் தேர்தல் ஆணையர் ஒருவர், மாநிலத் தேர்தல் ஆணையர் ஆகியோர் உறுப்பினர்கள். ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஐந்து எம்.பி.க்களும் ஐந்து எம்.எல்.ஏ.க்களும் இணை உறுப்பினர்களாக அமர்வார்கள். அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது.

ஆணையத்தின் உத்தரவுக்குச் சட்டத்தின் வலிமை உண்டு. 329-ஆவது பிரிவு நீதிமன்றத் தலையீட்டைத் தடுக்கிறது. உஜ்ஜைன் தொகுதி தொடர்பான மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே இதை உறுதிசெய்தது. ஆனால் 2024-இல் குஜராத்தின் பர்தோலி தொகுதி வழக்கில், உத்தரவு வெளிப்படையாகத் தன்னிச்சையானதாகவும் அரசமைப்பு விழுமியங்களுக்கு முரணாகவும் இருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று கூறியது. கதவு முழுமையாக மூடப்படவில்லை. என்றாலும் அது மிகக் குறுகியது.

20. வேறு நாடுகளில் கறாரான வரம்பு உண்டா?

பிரிட்டனில் உண்டு, அங்கே அடிப்படை பதிவுபெற்ற வாக்காளர்கள். 2023-இல் முடிந்த மறுஆய்வில் தொகுதிச் சராசரி 73,393. ஐந்து விழுக்காடு மட்டுமே விலகலாம் என்பதால் ஒவ்வொரு தொகுதியும் 69,724-க்கும் 77,062-க்கும் இடையே இருக்க வேண்டும். ஐல் ஆஃப் வைட், ஓர்க்னி-ஷெட்லாண்ட் போன்ற தீவுகளைக் கொண்ட ஐந்து தொகுதிகளுக்கு மட்டும் விலக்கு. நம் 10 விழுக்காட்டுக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு, அங்கே வரம்பு நாடாளுமன்றச் சட்டத்திலேயே இருப்பதுதான்.

21. சாதாரண ஆள் நான், இதில் என்ன செய்ய முடியும்?

ஆணையம் வரைவை அரசிதழிலும் நாளிதழ்களிலும் வெளியிட்டு, ஆட்சேபங்களுக்கு ஒரு கடைசி நாள் குறிக்கும்; பிறகு பொது அமர்வுகள் நடத்தும். உத்தரவு வெளியான பின் செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதைக் கேள்வி 19-இல் பார்த்தோம். எனவே வரைவுக் காலம்தான் உங்களுடையது.

‘எங்கள் ஊரைப் பிரிக்காதீர்கள்’ என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. எந்த ஊராட்சிகளை அல்லது வார்டுகளை எந்தத் தொகுதியில் சேர்க்க வேண்டும், அவற்றின் கணக்கெடுப்பு மக்கள்தொகை என்ன, மாற்றத்துக்குப் பிறகு இரண்டு தொகுதிகளும் சராசரியிலிருந்து எத்தனை விழுக்காடு விலகும், பேருந்து வழியும் வட்டாட்சியர் அலுவலகமும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதை ஒரே பக்கத்தில் வரைபடத்தோடு கொடுங்கள். கடைசி நாளுக்கு முன் எழுத்தில் அனுப்பி, ஒப்புகை பெற்று, பொது அமர்விலும் நேரில் சென்று சொல்லுங்கள்.